விழுவதற்கு முந்தைய கட்டம்

சிறுவர் படக்கதையில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஆள் வழுக்கி விழுகிறார், பானை உடைகிறது, தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். எண்பதுகளில் ஒரு தமிழ்ச் சிறுவர் நகைச்சுவை இதழுக்கு வரைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிரிப்பு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. தரையில் வாழைப்பழத் தோல் கிடக்கிறது. வானத்தைப் பார்த்தபடி வருகிறவருக்கு அது தெரியாது. படிக்கிற குழந்தைக்குத் தெரியும். வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுவதும் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த குழந்தைக்கு, ஒரு பெரியவரைவிட முன்னதாக ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சிதான் சிரிப்பாக வெடிக்கிறது.

ஆகவே அந்தத் தோல் கண்ணில் படவேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போனது. அச்சில் வரும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவோம். முதலில் வெளிர்நீலப் பென்சில். அச்சுக்காகப் படம்பிடித்து நெகட்டிவ் எடுக்கும்போது அந்த நீலம் பதியாது என்பதால் அழிக்கும் வேலை இல்லை. அதன்மேல் பிரஷ்ஷால் இந்தியன் இங்க். படம் சுருங்கும்போது கைநடுக்கம் மறையும். கூடவே மெல்லிய கோடுகளும் காணாமல் போகும். நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். நெருக்கமாகப் போட்ட நிழல்கோடுகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். நான்கு நிறங்களையும் தனித்தனிப் பிளேட்டில் அச்சடிக்கையில் ஒன்று இம்மி விலகினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். அதனால் வெளிக்கோட்டைப் பருமனாகப் போடுவோம். விலகிய நிறம் அந்தக் கறுப்புக்குள் மறைந்துகொள்ளும். அந்தக்காலப் பாணி என்று இன்று ரசிக்கப்படுகிற தடித்த கோட்டுக்கு மலிவான தாளும் ஒரு காரணம்.

அடுத்தது பலூன், அதாவது பாத்திரம் பேசும் வசனத்தை எழுதுகிற வட்டம். தமிழ் எழுத்து நிறைய இடம் கேட்கும். கட்டத்தின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கிவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவேன். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கவேண்டும். மாறி நின்றால் கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடும். வசனம் நீண்டால் பலூன் இறங்கி, மறைக்கக்கூடாததை மறைக்கும். அப்போதெல்லாம் வசனத்தைக் குறைக்கச் சொல்லி ஆசிரியரிடம் போவேன். முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுப்பார். தான் எழுதிய வரியைப் படத்துக்காக வெட்டுகிற ஆசிரியர் கிடைப்பது ஓவியனுக்குப் பெரிய பேறு.

நாங்கள் அம்புலிமாமாவில் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரனின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். கையில் வாளும் தோளில் வேதாளமுமாக நடக்கிற விக்கிரமனை அவர் வரைந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். ஆனால் நகைச்சுவைக் கதையில் கண் நிற்காமல் அடுத்த கட்டத்துக்கு ஓடவேண்டும். உடம்பின் கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பின்னணியின் அழகை விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். குண்டுப் பையன், திக்கிப் பேசுபவர், கறுப்பாக இருப்பதற்காகவே கேலிசெய்யப்படும் பெண், இவர்களை வைத்துச் சிரிப்பு மூட்டும் ஸ்கிரிப்டுகள் அப்போது தாராளமாக வரும். அவற்றில் குழந்தைக்கு முன்கூட்டித் தெரிவதற்கு எதுவுமே இல்லை. ஒருவரின் உடம்பைக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதே உடம்போடு வகுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்து அதே இதழைப் படித்துக்கொண்டிருக்கும். நான் வரைய மறுத்தேன். அவை வேறு ஓவியர்களுக்குப் போயின. பக்கக் கணக்கில் கூலி வாங்கிய எனக்கு வருமானம் குறைந்தது. அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

என் பக்கங்களில் எங்கேயாவது ஒரு காகம் உட்கார்ந்திருக்கும். கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நடக்கப்போவதை நோக்கித் தலையைச் சாய்த்திருக்கும், அவ்வளவே. பெரியவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தைகள் கவனித்தார்கள். இடமில்லை என்று ஓர் இதழில் காகத்தை எடுத்துவிட்டபோது, 15 பைசா அஞ்சலட்டைகளில் அதைத் தேடிக் கேள்விகள் வந்தன. அவற்றில் சில "காக்கா மாமாவுக்கு" என்று முகவரியிடப்பட்டிருந்தன. அந்த இதழ் ஓவியர்களின் பெயரை அச்சிடுவதில்லை. குழந்தைகளுக்கு என்னை அழைக்க வேறு வழி இருக்கவில்லை.

அச்சானபின் ஒரிஜினல்களையும் திருப்பித் தந்ததில்லை. டேப்லெட்டில் வரையும் இன்றைய இளைஞர்களின் படங்கள் அவர்களிடமே இருக்கின்றன. பெயர் போடுவதில்தான் சில இடங்களில் இன்னும் தயக்கம். எழுதியவர், வரைந்தவர் இருவர் பெயரும் முதல் கட்டத்தின் அருகிலேயே வரவேண்டும். காகத்தைக் கண்டுபிடித்த குழந்தைகள் அதையும் படிப்பார்கள்.