உகந்தைக்கு அப்பால் தண்ணீர்

காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி மட்டக்களப்பு கல்லடிக்கு வந்து மூன்று வருடமாகிறது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது வழக்கம், எங்கள் விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டதால் வந்த புதிதில் அக்கம்பக்கத்தில் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். மாமியாரை மாமி என்பதும், பாட்டிலைப் போத்தல் என்பதும், மாத்திரையைக் குளிசை என்பதும் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதது தண்ணீர்தான். கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் துண்டு, எங்கள் வீட்டுக் கிணறு லேசாக உவர்க்கும். முதல் மாதம் முழுக்க வயிறு சரியில்லை, மாமி கொதித்தாறிய தண்ணீராகவே கொடுத்துத் தேற்றினார்.

அதே மாமிதான் போன வருடம் ஆடிவேல் திருவிழா நேரத்தில் கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்கக் கூப்பிட்டார். நான் குன்றக்குடியிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடந்தவள், சரி என்றேன். ஆனால் இது வேறு நடை. பழனி நடை தை மாதக் குளிரில் தார் ரோட்டில், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். இங்கே பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலோடு ஊர் முடிந்துவிடுகிறது, அப்புறம் குமண, யால காடுகளுக்குள் நாலைந்து நாள், அதுவும் கிழக்கில் மழையே இல்லாத மாதத்தில். சில இடங்களில் தண்ணீர் பவுசர், அதாவது தண்ணீர் லாரி, நிற்கும். நிற்காத இடமும் உண்டு. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது ஐந்து லிட்டரைத் தோளில் போட்டு மணலில் நடக்கும்போதுதான் தெரியும்.

குமுக்கன் ஆற்றில் பிரச்சினை இல்லை, மருத மர நிழலில் உட்கார்ந்து கொதிக்க வைத்து நிரப்பிக்கொண்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாருடைய போத்தலும் அடியைத் தொட்டபோது எதிரே இருந்தது ஒரு குட்டை. ஒரு ஓரத்தில் எருமைகள் படுத்திருந்தன, யானைச் சாணம் கிடந்தது, தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கூட வந்த ஒரு பாட்டி நேராக இறங்கிக் கையால் அள்ளினார். நான் தடுத்தேன். "கந்தன்ட காட்டுத் தண்ணி ஒண்டும் செய்யாது புள்ள, நான் எத்தின வருசமாக் குடிக்கிறன்" என்றார். அவருடைய நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் என் பொறுப்பில் செருப்பு கடித்த காலோடு பதினோரு பேர் இருந்தார்கள். எருமை மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது காலில் உள்ள புண் வழியாகவே உள்ளே போகும். அதனால் முதலில் எல்லாரையும் கரையேறச் சொன்னேன்.

வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. உவர்ப்பு இருந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் கிருமி கொல்லும் குளோரின் குளிசை போட்டாலும் பயனில்லை, உப்பு எங்கும் போகாது. மாமி குட்டையை விட்டுத் தள்ளி மணலில் முழங்கை ஆழம் ஊற்றுத் தோண்டினார், முதலில் ஊறிய கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுத்தோம். பழைய நூல் சேலையை நாலாக மடித்து வடிகட்டினோம். வங்கதேசக் கிராமங்களில் இப்படி வடிகட்டியே காலராவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். தெளிய வைக்காமல் குளோரின் குளிசை போட்டால் மருந்து அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அப்புறம் பாதியைச் சோற்றுப் பானையில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டோம், மீதியில் குளிசை போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த அரை மணி நேரம்தான் கொடுமை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, கண்ணெதிரே தண்ணீர், குடிக்கக் கூடாது.

விறகும் குளிசையும் இல்லாமல் ஒருவர் மயங்கி விழும் நிலையில் இருந்திருந்தால் அந்தக் குட்டைத் தண்ணீரையே வடிகட்டிக் கொடுத்திருப்பேன். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம், அந்த வெயிலில் நீர் வற்றிப்போன உடம்பு அவ்வளவு நேரம் தராது.

பாட்டி எங்கள் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, மருந்து மணக்கிறது என்றார். ஊரில் அவர்கள் காலத்தில் தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் இழைத்துத்தான் தெளிய வைப்பார்களாம். எங்கள் ஆச்சியும் அதையேதான் செய்வார். அம்மாவுக்குப் போன் பண்ணி, காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.