பன்னிரண்டாம் நாள் வந்த டீச்சர்

எங்கள் சலூனில் பெர்ம், அதாவது மருந்து போட்டு முடியைச் சுருளாக்குவது, செய்துகொண்டு போன டீச்சர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்பை எடுத்தார். காதோரம் சுருள் நன்றாகவே இருந்தது. பின்னந்தலையில், பிடரிக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு, முடி அலைகூட இல்லாமல் தொங்கியது. "நாலு மாசம் நிக்கும்னு சொன்னியேம்மா" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

அப்போது நான் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம். சுருள் இறங்கிவிட்டது என்று யார் வந்தாலும் சொல்ல ஒரு பதிலை சீனியர்களிடமிருந்து கற்று வைத்திருந்தேன். "வீட்டுல சரியா பார்த்துக்கலை போலக்கா." அதையேதான் சொன்னேன். எப்போது குளித்தீர்கள், என்ன ஷாம்பு, எண்ணெய் வைத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதில் இருந்தபடியே செய்ததாகச் சொன்னார். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் செய்து தரவில்லை. எழுந்து போய்விட்டார்.

வீட்டுப் பராமரிப்பு சரியில்லை என்றால் தலை முழுவதும்தானே இறங்க வேண்டும், பிடரியில் மட்டும் ஏன் இறங்கியது? இந்தக் கேள்வி எனக்கு வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. வேறொருவருக்கு நியூட்ரலைசர், அதாவது சுருளை நிலைக்க வைக்கும் கடைசி மருந்து, போட்டுக்கொண்டிருந்தேன். பேசினில் தலை சாய்த்திருந்ததால் பிடரிப் பக்கத்தில் முடியைச் சுற்றியிருந்த ராடுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஊற்றிய மருந்து அந்தத் தண்ணீரோடு சேர்ந்து நீர்த்து ஓடுவதைப் பார்த்தேன். டீச்சரின் பின்னந்தலை சட்டென்று ஞாபகம் வந்தது.

பெர்ம் நடப்பது இப்படித்தான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டி வைத்திருப்பது கந்தகப் பிணைப்புகள். முதலில் போடும் லோஷனில் உள்ள அம்மோனியம் தயோகிளைக்கோலேட் அந்தக் கட்டுகளில் ஒரு பகுதியை அவிழ்க்கிறது. அவிழ்ந்த முடி, ராடின் வளைவுக்கு இணங்கிக் கொடுக்கிறது. அப்புறம் லோஷனை அலசிவிட்டு நியூட்ரலைசர் போடுகிறோம். பெரும்பாலும் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. அவிழ்ந்த கட்டுகளைப் புதிய இடத்தில் திரும்ப முடிச்சுப் போடுவது அதுதான். பூக்கட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: நாரை எவ்வளவு அழகாக வளைத்தாலும் கடைசி முடிச்சு இறுகவில்லை என்றால் பூ நிற்காது. லோஷனை அலசியதும் ஒவ்வொரு ராடையும் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து நீர்த்துவிடும், முடிச்சு அரைகுறையாகவே விழும். டீச்சர் பெர்ம் போட வந்தது ஒரு சனிக்கிழமை, கூட்ட நேரம். பக்கவாட்டு ராடுகளை ஒற்றினேன். பிடரிக்குக் கை போகவில்லை.

இப்போது அலசுவதற்கு ஐந்து நிமிடம், ஒற்றுவதற்கு ஐந்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்துச் செய்கிறேன். வெள்ளைத் துண்டுதான் வைப்பேன், ஈரம் ஏறுவது அதில் கண்ணுக்குத் தெரியும். நியூட்ரலைசரைப் பிடரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராடை உருவும்போது முடியை இழுப்பதில்லை. இன்னும் முழுதாக இறுகாத முடி அது.

பயிற்சி வகுப்பில் ஒரு பழைய படம் காட்டினார்கள். ஒரு பெண்ணின் தலைக்கு மேலே சரவிளக்குபோல ஒயர்கள் தொங்கும், ஒவ்வொரு ஒயரும் ஒரு கற்றை முடியைப் பிடித்திருக்கும். அப்படி ஒரு மெஷினுக்கு 1928-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மார்ஜோரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண். சூடே இல்லாமல் மருந்தால் மட்டும் சுருள் வைக்கும் முறை 1930களின் கடைசியில் வந்தது. நாங்கள் கோல்டு பெர்ம் என்று சொல்வது அதன் வாரிசு. அந்தப் படத்தை நினைத்தால், ஐந்து நிமிடம் ஒற்றுவதற்குச் சோம்பல்படக் கூடாது என்று தோன்றும்.

என் கை சரியான பிறகுதான் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு வந்ததாக நினைக்கிறேன். கேட்கும் விதமும் மாறியது. "என்ன தப்பு பண்ணீங்க" என்ற தொனி போய்விட்டது. "உங்க வீட்ல என்ன தண்ணிக்கா?" என்பதுதான் இப்போது முதல் கேள்வி.

சென்னையின் தெற்குப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். போர் தண்ணீர் பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. முடி சொரசொரப்பாகி, சுருள்கள் ஒன்றோடு ஒன்று சேராமல் பஞ்சுபோல விரியும். ஊர் முழுக்கத் தண்ணீரை மாற்ற நம்மால் ஆகாது. அதனால் குளித்து முடித்ததும் கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரை முடியில் மட்டும் ஊற்றச் சொல்கிறேன். பெர்ம் போடும் முன் படிவு நீக்கும் ஷாம்பு போட்டு அலசுவதும் இதனால்தான்.

அடுத்தது எண்ணெய். "எண்ணெயே வைக்காதீங்க" என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் அது நடக்கிற காரியமா? பெர்ம் ஆன முடி வறட்சியாகத்தான் இருக்கும், அதற்கு எண்ணெய்ப் பசை வேண்டும். தலை நிறைய வைத்து வாரினால் கனத்தில் சுருள் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். ஈர முடியின் நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, கீழிருந்து மேலாக முடியைக் கசக்கி விட்டால் போதும். முதல் இரண்டு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது, கட்டவும் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். எண்ணெய்க் குளியலை ஒரு பதினைந்து நாளாவது தள்ளிப் போடச் சொல்வேன்.

இவை எல்லாவற்றையும்விட சுருளைக் கெடுப்பது சீப்பு. ஈரமாக இருக்கும்போது முடி எளிதில் நீளும். அந்த நேரத்தில் நெருக்கமான பல் உள்ள சீப்பைப் போட்டு உச்சியிலிருந்து இழுத்தால் சுருள் கம்பிபோல நீண்டு அறுந்தும் போகும். அகலப் பல் சீப்பு, அதுவும் கண்டிஷனர் போட்ட நிலையில், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, கையாலேயே சுருளை அள்ளி விட வேண்டும். கோல்டு பெர்மின் சுருள் ஈரத்தில்தான் அழகாகத் தெரியும். அந்த வடிவத்தைத் தொடாமல் காயவிடுவதுதான் சிரமமே. தேங்காய்ப்பூ டவலால் பரபரவென்று தேய்த்துப் பழகிய கைகளுக்கு இது வர ஒரு மாதமாகும்.

இப்போது காலேஜ் பையன்கள் நிறைய வருகிறார்கள். ஒரு தம்பிக்கு முன்பக்கச் சுருள் மட்டும் மூன்றே வாரத்தில் நசுங்கிப் போயிருந்தது. என் கையை முதலில் சந்தேகப்பட்டேன். பேசிப் பார்த்ததில், குளித்த ஈரத்தோடு ஹெல்மெட் மாட்டி ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறான். எப்படி அமுக்கிக் காய்கிறதோ அப்படியே படிந்துவிடுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். "ராத்திரி குளிச்சிடு தம்பி, காலைல தண்ணி ஸ்ப்ரே பண்ணி கசக்கி விட்டுக்கோ" என்றேன். அடுத்த முறை வந்தபோது சுருள் இருந்தது, வேர்ப் பக்கம் மூன்று சென்டிமீட்டர் நேர்முடி வளர்ந்திருந்தது. அது வளர்ச்சி, அதற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சிலருக்குப் போட மாட்டேன். கருப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளைப் பூசியவர்கள் வந்தால், ஒரு சிறு கற்றையில் சோதனை பண்ணாமல் ராடைத் தொடுவதில்லை. சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். பெராக்சைடு பட்டால் முடி சூடேறி ஒடிந்துபோகும். "வேற இடத்துல போட்டு விடறாங்களே" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

டீச்சரை நான் தேடிப் போனேன். எங்கள் பழைய ரிஜிஸ்டரில் நம்பர் இருந்தது. "அன்னைக்கு தப்பு என் மேலதான் மேடம், பின்னாடி மருந்து சரியா ஏறலை" என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் வீட்ல என் மாமியார்கிட்ட சண்டை போட்டேன்மா, அவங்க சீப்பால வாரினாங்கன்னு" என்றார்.

அதிலிருந்து பெர்ம் போட்ட எல்லாருக்கும் மூன்றாம் நாள் நானே போன் பண்ணுகிறேன். முதல் குளியல் முடிந்திருக்கும் நேரம் அது. பின்னந்தலையைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். இறங்கியிருந்தால் காசு வாங்காமல் வரச் சொல்கிறேன், முடியின் நிலையைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் சரி செய்து கொடுக்கலாம். நேற்று ஒரு அக்கா போனில் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு, ஸ்பிரிங் மாதிரி இருக்கு" என்றார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, "நீயும் தொட்டுப் பாரேன்" என்பதும் கேட்டது.