துருப்பிடிக்கிற இரும்பே போதும்

மலேசியாவில் பிறை என்ற ஊரில் எண்ணெய் டாங்கிகளின் சுவர்க் கனத்தை அளப்பது என் வேலை. துரு என்று பேச்சு வந்தாலே மச்சான் என் பக்கம் திரும்பிவிடுவார். பட்டர்வொர்த்தில் தே தாரிக் குடிக்கும்போது கேட்டார்: "சுவிஸ்காரன் அணுக்கழிவைச் சாதா இரும்புப் பெட்டியில போட்டுப் புதைக்கப் போறானாமே? எவர்சில்வர்ல செய்ய அவன்கிட்டயா காசில்ல?"

காசு இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் பயமுறுத்துவது எவர்சில்வர்தான். ஓர் ஆலையில் வெந்நீர்க் குழாய்; அதன் காப்புறைக்குள் மழைத்தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் இறங்கியிருந்தன. உறையைப் பிரித்தால் குழாய் பளபளவென்று இருக்கிறது. கனமும் குறையவில்லை. சந்தேகத்தில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தோம். கொஞ்ச நேரத்தில் வெல்டிங் ஓரமாக மரக்கிளை மாதிரி சிவப்புக் கோடுகள் எழும்பின. உப்பு, சூடு, உலோகத்துக்குள் இருக்கும் இழுவிசை மூன்றும் சேர்ந்த விரிசல். எப்போது வரும் என்று கணக்குப் போட முடியாது.

கார்பன் இரும்பு துருப்பிடிக்கும், ஆனால் பெரும்பாலும் சீராகப் பிடிக்கும். புதைத்து மூடியபின் அங்கே அகப்பட்ட ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் தண்ணீரோடு மட்டும்தான் வினை. மேலே மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு படலம் படியப் படிய வேகம் குறையும். ஆண்டுக்கு 1 மைக்ரான் என்று வைத்தால் 10,000 ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர். பெட்டிச் சுவரின் கனமோ 10 சென்டிமீட்டருக்கு மேல். நான் பிறையில் கனவு காணும் கணக்கு இது!

மண்ணுக்குள் இரும்பு நிலைக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. ஸ்காட்லாந்தில் இன்ச்டுத்தில் என்ற கோட்டையில் ரோமானியர்கள் புதைத்துவிட்டுப் போன இரும்பு ஆணிகள் 1960-இல் கிடைத்தன. கிட்டத்தட்ட 7 டன். வெளிப்பக்கத்து ஆணிகள் துருப்பிடித்து ஓடாக இறுகியிருந்தன. உள்ளே இருந்தவை பல நல்ல நிலையில் இருந்தன.

எனக்கு உறுத்துவது வாயு. தண்ணீரின் ஆக்சிஜனை இரும்பு எடுத்துக்கொண்டால் மிச்சம் ஹைட்ரஜன். 2022-இல் சுவிஸ்காரர்கள் கழிவைப் புதைக்கத் தேர்ந்த நோர்ட்லிக் லேகர்ன் என்ற இடத்தில் இருப்பது ஓபலினஸ் களிமண் பாறை. தண்ணீரையே லேசில் விடாத பாறை வாயுவை எங்கே விடப்போகிறது? அழுத்தம் ஏறும். வேறோர் இடத்தில் அதே வகைப் பாறைக்குள் இருக்கும் மாண்ட் டெரி என்ற சுவிஸ் ஆய்வகத்தில் ஹைட்ரஜனைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கண்டிருக்கிறார்கள். அழுத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் அவை வெளியிடும் சல்பைடு இரும்பை அரிக்கும். அதனால் பெட்டியைச் சுற்றிப் போடும் பென்டோனைட் களிமண்ணை, நுண்ணுயிர் பெருக இடமில்லாதபடி இறுக்கி அடைக்கப் பார்க்கிறார்கள்.