ஜாமெட்ரி பாக்ஸ்

4 செப்டம்பர் 2024, புதன்

கஞ்சாவை நிறுத்தி மூன்று நாளாயிற்று. இரவு இரண்டு மணிக்குப் பனியன் நனைந்து எழுந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கனவில் அப்பத்தா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் முழுக்க எனக்குக் கனவே கிடையாது. இப்போது வட்டியோடு வருகிறது.

அறைத்தோழன் கா. நல்லவன். எனக்காக மொட்டைமாடிக்குப் போய்ப் புகைக்கிறான். ஆனால் பொட்டலம் வைக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் அவன் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

5 செப்டம்பர், வியாழன்

டீக்கடைக்காரரிடம் கத்திவிட்டேன். சர்க்கரைக்காக.

7 செப்டம்பர், சனி

விநாயகர் சதுர்த்தி. வீட்டுக்காரம்மா கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். வாயில் வைத்தால் மண். எட்டையும் கா. தின்றான். அது உன் பசி இல்லை, பொட்டலத்தின் பசி என்று சொல்ல வாயெடுத்தேன். போன மாதம் வரை இரவு பதினொரு மணிக்கு நான்கு பரோட்டா தின்றவன் நான்.

8.10க்கு அம்மா. "சாப்பிட்டாயா?" "கொழுக்கட்டை" என்றேன். அது பொய்யாகாது.

8 செப்டம்பர், ஞாயிறு

படுத்தால் இது, எழுந்தால் இது. மனம் சோர்ந்ததால் கஞ்சாவா, கஞ்சாவால் சோர்வா?

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஒரு பொருளை நம் மூளையே சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஆனந்தத்தை எடுத்து அனாண்டமைடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகையில் உள்ள, போதை தரும் டி.எச்.சி. அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் வந்து உட்கார்ந்தால் மூளை நாற்காலிகளைக் குறைத்துவிடுகிறது. அப்புறம் சொந்த ஆனந்தம் வந்தாலும் உட்கார இடம் போதாது. நிறுத்தினால் நான்கு வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடுமாம். எனக்கு 29ஆம் தேதி. நாட்காட்டியில் வட்டம் போட்டேன், உடனே அழித்தேன். கா. பார்த்தால் சிரிப்பான்.

2019இல் 11 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 23,317 பேரையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 18 வயதுக்கு முன்பே கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு விகிதம் 1.37. ஒன்று என்றால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று பொருள். 1.37 மலை இல்லை; மடுவும் இல்லை.

நான் தொடங்கியது 10 பிப்ரவரி 2024. மொட்டைமாடியில் எடுத்த படம் இருக்கிறது, எல்லோரும் எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறோம். பிறந்தது 4 டிசம்பர் 2005. ஆக, அன்றைக்கு எனக்கு 18 முடிந்து இரண்டு மாதம். அந்தக் கணக்கில் நான் வரமாட்டேன்! ஜாமீன் கிடைத்தவனைப் போல டீ குடிக்கப் போனேன். சர்க்கரை சரியாக இருந்தது.

9 செப்டம்பர், திங்கள்

அம்மாவிடம் கேட்டேன், நான் எப்போதிலிருந்து இப்படிப் பேசாமல் போனேன் என்று. "பொங்கலுக்கு வந்தபோதே கரும்பைக்கூடத் தொடவில்லையே, ராசா."

ஜனவரி. புகைப்படத்துக்கு முன்னால். ஆகவே சோர்வுதான் முந்தி. அம்மாவின் குரல் இறங்கியது காதில் விழுந்தும் நான் தேதிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

11 செப்டம்பர், புதன்

நேற்று மனநல உதவி எண் 14416க்கு மூன்று முறை அழைத்தேன், இரண்டு முறை நானே துண்டித்தேன். மூன்றாவது முறை பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இன்று போனேன். வரிசையில் பக்கத்திலிருந்த பெரியவர் "பரீட்சை பயமா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன்.

உட்கார்ந்ததும் டாக்டரிடம் கேட்டது: கல்லூரிக்குச் சொல்வீர்களா, போலீசுக்குச் சொல்வீர்களா? "சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி நான் ஏன் சொல்லப் போகிறேன்? ரகசியம் காக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே இருக்கிறது." பிறகு பொங்கல் சாட்சியத்தோடு என் வழக்கை எடுத்து வைத்தேன். அவர் சீட்டின் பின்புறத்தில் இரண்டு வட்டம் போட்டு, இங்கிருந்து அங்கே ஓர் அம்பு, அங்கிருந்து இங்கே ஓர் அம்பு வரைந்தார். "எந்தப் பக்கம் ஏறினாலும் ராட்டினம் சுற்றத்தான் செய்யும். தூக்கம் எப்படி? அதைச் சொல்லுங்கள்."

தீர்ப்புக் கேட்டுப் போனேன், வாய்தா வாங்கி வந்தேன். அடுத்தது 25.

சாகத் தோன்றியதுண்டா என்றும் கேட்டார், காய்ச்சல் உண்டா என்பதுபோல. யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

12 செப்டம்பர், வியாழன்

ஆறு மணி நேரம் தூங்கினேன். அப்பத்தா மறுபடியும் வந்தாள். முறம் காலி.

14 செப்டம்பர், சனி

பிப்ரவரி இல்லை.

கா. சாதாரணமாகத்தான் சொன்னான். "போன தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, சீனியர்கள் அறையில் வாந்தி எடுத்தாயே, மறந்துவிட்டாயா?" மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. அந்த அறையின் நீலத் தரைவிரிப்பு வரை நினைவிருக்கிறது. 9 நவம்பர் 2023. 18 முடிய 25 நாள் பாக்கி. 23,317 பேரோடு நானும் போய் நிற்க வேண்டியதுதான். பொங்கல் சாட்சியமும் போயிற்று, அம்மாவை இழுத்ததுதான் மிச்சம்.

ஆனால் அப்பத்தா போனது அக்டோபர் 20. அதை எந்த வட்டத்தில் போடுவது? டாக்டரிடம் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. தேர்வு இருக்கிறது, வர வேண்டாம் என்றார்கள். நானும் போகவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

வருகைப்பதிவு 68. வேண்டியது 75.

18 செப்டம்பர், புதன்

மெஸ்ஸில் ரசம் நன்றாக இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். எழுதிவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

கா. ஊருக்குப் போகிறான், திங்கள்தான் வருவான். பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். காலையில் சொல்ல வந்தேன், பல் துலக்கிக்கொண்டிருந்தான். மதியம் தூங்கினான்.

மாலை 6.40. அவனுக்குப் பஸ் கிடைத்துவிட்டதாம், படம் அனுப்பியிருக்கிறான். ஜன்னல் சீட்.

நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. 8.10க்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இன்றைக்கு நானே முதலில் அழைத்தால்