மூடி, கேட், பாப்பா (டைரி)

ஜனவரி 4
பாப்பாவைச் சேக்கப் பாக்குற மூணாவது ஸ்கூல். வாசல்ல பெருசா மாண்டிசோரின்னு போர்டு, பிள்ளைங்க பொருளை எடுத்துத் தொட்டுப் பாத்து தானாவே கத்துக்கற முறை அது. உள்ள போனா குட்டி நாற்காலியெல்லாம் வரிசையா போட்டு அத்தனை குழந்தையும் ஒரே மாதிரி ஷீட்ல ஒரே ஆப்பிளுக்குக் கலர் அடிச்சிட்டு இருக்கு. அந்த பிங்க் கட்டைங்க, 1 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு 10 சென்டிமீட்டர் வரைக்கும் பத்து கட்டை, அதுங்க பீரோக்குள்ள கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பாப்பா கையை நீட்டினா. மிஸ் சிரிச்சுக்கிட்டே "அது பெரிய அண்ணாங்களுக்கு"ன்னாங்க. கட்டையில தூசி இருந்துச்சு.

ஜனவரி 6
மாண்டிசோரிங்கற பேரை பல நாட்டுல யார் வேணா போட்டுக்கலாமாம், தனியா ஒருத்தருக்கு உரிமை கிடையாதாம். நான் என்னடான்னா ஒரு வருஷமா போர்டைப் பாத்தே ஷார்ட்லிஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்கேன். தேடும்போது பாத்தா, இதே ஜனவரி 6-தான், 1907-ல, ரோம்ல சான் லொரென்சோங்கற ஏழைங்க இருந்த பகுதியில மரியா மாண்டிசோரிங்கற அந்தம்மா பிள்ளைங்களுக்கான முதல் வீட்டைத் திறந்தது. டாக்டரம்மா. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைங்க சுவத்தைக் கிறுக்கி கட்டடத்தை நாசம் பண்ணுதேன்னு பில்டிங்காரங்க பண்ணின ஏற்பாடாம் அது. படிச்சதும் ஒரு ஆறுதல். நானும் வேலைக்குத் திரும்பணும்னுதானே தேடுறேன், அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாம "அவ டெவலப்மென்ட்டுக்கு"ன்னு சொல்லிட்டுத் திரியறேன்.

ஜனவரி 7
சளி. ராத்திரி பூரா தோள்லயே.

ஜனவரி 8
மூடியைத் தொறக்குறா, மூடுறா. தொறக்குறா, மூடுறா. 20 நிமிஷம். நீல மூடி.

ஜனவரி 11
ரெண்டு வயசு அஞ்சு மாசத்துக்கு மூணு வார்த்தை. அம்மா, தா, இல்ல. காது டெஸ்ட் நார்மல், தெரபி போயிட்டு இருக்கு, வரும் வரும்னு எல்லாரும் சொல்றாங்க, சரி வரட்டும், ஆனா எனக்கு இருக்கற பயம் அது இல்ல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அங்க என்ன நடந்துச்சுன்னு இவளால சொல்ல முடியாது, யாராவது கையை இறுக்கிப் பிடிச்சு இழுத்தா, ஈரமா உக்கார வெச்சிருந்தா, இல்ல நல்லா சிரிச்சிட்டே இருந்தா கூட, எனக்குத் தெரியவே தெரியாது. மத்த அம்மாங்க எல்லாம் மெத்தட் பத்திப் பேசுறாங்க. எனக்கு சாட்சி வேணும். ஆப்ல சிசிடிவி பாக்கலாம்னு ஒரு ஸ்கூல்ல சொன்னதும் இவருக்கு ஒரே சந்தோஷம். அதுல சத்தம் வராதேன்னேன். "சத்தம் எதுக்கு?"ன்னார். அதுக்கப்புறம் நான் பேசல.

ஜனவரி 15
ருடால்ஃப் ஸ்டைனர்ங்கறவர் சொன்ன முறையில நடத்தற ஸ்கூல். மரம், துணி, மெழுகு கிரேயான்ஸ். ஏழு வயசு கிட்ட ஆனாதான் எழுத்தே சொல்லித் தருவாங்களாம். அழகா இருந்துச்சு, அழகா இருந்ததாலயே கொஞ்சம் சந்தேகமாவும் இருந்துச்சு. பொம்மைக்குக் கண்ணு மூக்கு கிடையாது, குழந்தையே கற்பனை பண்ணிக்கட்டும்னு. பாப்பா அதை முன்னாடி பாத்தா, திருப்பி பின்னாடி பாத்தா, முகம் அங்க எங்கயாவது இருக்குமோன்னு கவுனைத் தூக்கியும் பாத்தா. நான் சிரிச்சுட்டேன், அங்க வேற யாரும் சிரிக்கல.

இதுவும் 1919-ல ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல சிகரெட் ஃபேக்டரி தொழிலாளிங்க பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சதுதான். திரும்பவும் வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க.

ஜனவரி 16
ரெஜியோ எமிலியாங்கற இன்னொரு முறை பத்தி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். 1945-ல போர் முடிஞ்ச கையோட இத்தாலியில ஒரு ஊர்க்காரங்க, ஜெர்மன்காரன் விட்டுட்டுப் போன டேங்க்கையும் லாரியையும் குதிரையையும் வித்து பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கட்டினாங்களாம். அங்க டீச்சர் பிள்ளைங்க பேசறதை, பண்றதை எல்லாம் எழுதி வெப்பாங்க, போட்டோ எடுத்து சுவத்துல ஒட்டுவாங்க. அடடா, எனக்கு வேண்டிய சாட்சி! ஆனா பக்கத்துல எங்கயும் இல்ல. விக்கறதுக்கு என்கிட்ட டேங்க்கும் இல்ல.

ஜனவரி 19
அம்மா போன்ல, "உன்னை விட்டப்போ மூணு நாள் கேட்டைப் பிடிச்சுட்டுத் தொங்கின. நாலாம் நாள் திரும்பிக்கூடப் பாக்கல, நான்தான் வீட்ல வந்து அழுதேன்"ன்னாங்க. இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்ல.

ஜனவரி 22
ட்ரையல். பாப்பா மூடியோட போனா. "சீ, அழுக்கு கண்ணா"ன்னு மிஸ் பிடுங்கி மேல வெச்சுட்டாங்க. கத்தினா பாருங்க. கோஆர்டினேட்டர் எங்கிட்ட "மத்தவங்களோட மிக்ஸ் ஆக மாட்டேங்கறாளே, வீட்ல தனியாவே வளர்றாளோ?"ங்கறாங்க. இந்த வயசுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க வேலையைப் பாக்குற விளையாட்டு சகஜம்தான், 1932-லயே மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதுக்குப் பேரெல்லாம் வெச்சு எழுதியாச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லாம தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன். ஏன் தேங்க்ஸ் சொன்னேன்?

ஜனவரி 23
இன்னும் கோவம் போகல.

ஜனவரி 27
சின்ன இடம். போர்டுல எந்த மெத்தட் பேரும் இல்ல, கேட்டா "கொஞ்சம் அது கொஞ்சம் இது"ங்கறாங்க. பாத்ரூம் தள்ளி இருக்கு, படிக்கட்டுக்குத் தடுப்பு இல்ல. எழுதி வெச்ச கேள்வியெல்லாம் கேட்டேன், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், போன வருஷம் எத்தனை டீச்சர் நின்னுட்டாங்க, அழுதா என்ன பண்ணுவீங்க, முதல் வாரம் நான் உள்ள இருக்கலாமா. ஆயாம்மா குறுக்க வந்து "பேசாத பிள்ளை பசின்னா எப்படிக் காட்டும்?"னு கேட்டாங்க. இதுவரைக்கும் போன எந்த ஸ்கூல்லயும் யாரும் எங்கிட்ட கேள்வி கேட்டதில்ல. என் முந்தானையை வாயில வெச்சுக்குவான்னேன். தலையாட்டிட்டு பாப்பா பக்கத்துல போய்த் தரையில உக்காந்துக்கிட்டாங்க, மூடியைத் தொடல.

தடுப்பு போட்டாதான் சேப்பேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜனவரி 30
தடுப்பு போட்டாச்சுன்னு போட்டோ வந்துச்சு. இவர் ரெண்டு விரலால பெருசு பண்ணி தாழ்ப்பாளைப் பாத்துட்டு இருக்கார்.

பிப்ரவரி 3
முதல் நாள். கூடவே இருந்தேன்.

பிப்ரவரி 6
அதே. இன்னைக்கு அரை மணி நேரம் வெளிய நின்னேன். அழுதா. நின்னுச்சு. நின்னதுதான் அழுகையை விட மோசமா இருந்துச்சு.

பிப்ரவரி 10
9.10. விட்டுட்டு வந்துட்டேன். கேட்டைப் பிடிக்கல, ஆயாம்மா முந்தானையைப் பிடிச்சுட்டே உள்ள போனா. வண்டியை எடுக்காம உக்காந்திருக்கேன். கர்ச்சீப் தேடிப் பையைத் தொறந்தா நீல மூடி என்கிட்ட இருக்கு. போய்க் குடுத்தா திரும்ப என்னைப் பாத்துருவா