நைட்டு ஒன்னும் சாப்பிடாமயே காலைல சுகர் ஏறுது, ஏன்? என் கர்ப்பகால சுகர் அனுபவம்

ரெண்டாவது குழந்தை வயித்துல இருந்தப்போ 26வது வாரம் அரசு ஆஸ்பத்திரி செக்கப்ல 75 கிராம் குளுக்கோஸை தண்ணில கரைச்சு கொடுத்து குடிக்க சொன்னாங்க. தமிழ்நாட்டுல எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்கற டெஸ்ட்தான். ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 168. 140 தொட்டாலே கர்ப்பகால சுகர்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை "அவ்ளோ மாம்பழம் சாப்பிட்டியேம்மா"ன்னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா எனக்கு நைட்டு பூரா தூக்கமே இல்ல, புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டோமோன்னு அழுதுட்டே இருந்தேன்.

மறுநாள்ல இருந்து சோறு ஒரு கப், காய் நிறைய, சாப்பிட்டதும் மாடில நடை. சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கற சுகர் ஒரே வாரத்துல 120க்குள்ள வந்துருச்சு. ஆனா காலைல வெறும் வயித்துல பாக்கறது மட்டும் 104, 107, 102ன்னே நின்னுச்சு, 95க்கு கீழ இருக்கணும். நைட்டு எட்டு மணிக்கு ரெண்டு தோசை சாப்பிட்டா அதுக்கப்புறம் பச்சத்தண்ணிதான், எங்கருந்து ஏறுது?

இதை கேட்டப்போ டாக்டரம்மா மருந்துச் சீட்டுக்கு பின்னாடி கல்லீரல், கணையம், குழந்தைன்னு மூணு வட்டம் போட்டு காட்டினாங்க. சாப்பிட்டா கணையம் இன்சுலின் விடும், அது சர்க்கரையை தசைக்குள்ள அனுப்பும், கல்லீரல்லயும் கொஞ்சம் சேத்து வைக்கும். பட்டினி நேரத்துல அதே கணையம் குளுக்ககான்னு இன்னொரு ஹார்மோனை விடும், உடனே கல்லீரல் சேத்து வச்சதை அவுத்து விடும், இல்லன்னா தூங்கும்போது மூளைக்கு சர்க்கரை கிடைக்காதும்மான்னாங்க. விடியக்காலைல கார்டிசால்ங்கற ஹார்மோன் வேற ஏறும், அதுவும் சர்க்கரையை கூட்டும். இதை எல்லாம் அடக்கி வைக்க வேண்டியது இன்சுலின் ஒன்னுதான், ஆனா கர்ப்பத்துல நஞ்சுக்கொடி விடற ஹார்மோனுங்க குழந்தைக்கு சர்க்கரை போய் சேரணும்னு அம்மா உடம்பை இன்சுலின் பேச்சை கேக்க விடாம பண்ணுதாம். நிறைய பேருக்கு கணையம் கூடுதலா சுரந்து சமாளிச்சுரும், என் கணையத்தால அது முடியல, அவ்ளோதான். மாம்பழத்தால வந்தது இல்லன்னு தெரிஞ்சதும் அங்கயே அழுதுட்டேன்.

நைட்டுக்கு இன்சுலின் ஊசி எழுதினாங்க. புள்ளைக்கு போயிருமோன்னு பயந்தேன். இன்சுலின் நஞ்சுக்கொடியை தாண்டாது, சர்க்கரைதான் தாண்டும், அப்படி தாண்டினா குழந்தையோட கணையம் அதிகமா இன்சுலின் சுரந்து குழந்தை ரொம்ப பெருசாயிரும்னு சொன்னப்புறம் ஒத்துக்கிட்டேன். கலங்கலா இருக்கற மருந்து, குலுக்காம ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு மெதுவா உருட்டணும், தொடைல போட்டுக்குவேன். 6 யூனிட்ல ஆரம்பிச்சது 34வது வாரத்துல 14 ஆச்சு. கூட்டக் கூட்ட பயமா இருந்துச்சு, ஆனா நஞ்சுக்கொடி வளர வளர அந்த ஹார்மோனும் கூடும், அதான் டோஸும் கூடுதுன்னு நர்ஸ் அக்கா புரிய வச்சாங்க.

பொறந்தது பொண்ணு, 3.1 கிலோ. பொறந்த உடனே குழந்தைக்கு சுகர் இறங்கிரலாம்னு ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடுக்க வச்சாங்க, குதிகால்ல குத்தி குத்தி சுகர் பாத்தாங்க, அவ வீல்னு கத்தினப்போ என் உயிரே போயிருச்சு, ஆனா எல்லாம் நார்மல்.

நஞ்சுக்கொடி வெளிய வந்த அன்னிக்கே ஊசியை நிறுத்திட்டாங்க, மறுநாள் வெறும் வயித்துல 86! மூணு மாசம் நான் மல்லுக்கட்டின நம்பர் அது.

ஆறு வாரம் கழிச்சு திரும்ப 75 கிராம் டெஸ்ட், அதுவும் நார்மல். பின்னாடி சுகர் வர்ற வாய்ப்பு எனக்கு அதிகம்கறதால வருஷா வருஷம் பாக்க சொல்லியிருக்காங்க. போன தடவை அத்தையையும் கூட்டிட்டுப் போய் அவங்களுக்கும் பாத்துட்டு வந்தேன்.