நாற்பதைத் தாண்டிய வறண்ட சருமம்: எனக்கான பொருள்களைக் கண்டுபிடித்த விதம்

நாற்பதுகளின் நடுவில் என் சருமத்தின் குணமே மாறிவிட்டது. முகம் கழுவித் துடைத்த சில நிமிடங்களில் கன்னம் இழுத்துப் பிடிக்கும். மூக்கோரத்தில் மெல்லிய செதில், முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு, ராத்திரியில் முதுகில் அரிப்பு. பல வருடமாகக் கைகொடுத்த லோஷன், போட்ட சுவடே இல்லாமல் காய்ந்துபோனது. இனி வேறு பொருள்கள் வேண்டும் என்பது புரிந்தது. எவை என்பதுதான் புரியவில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதுகிறேன். இதே வயதில், இதே தவிப்பில் இருப்பவர்களுக்குத் தேடும் நேரமாவது கொஞ்சம் மிச்சமாகட்டும்.

எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி கிரீமைப் பற்றியதே இல்லை. "மாதவிடாய் ஒழுங்கா வருதாம்மா?" என்றார். முன்பின்னாக வருகிறது என்றேன். மாதவிடாய் நிற்கும் சராசரி வயது மேலை நாடுகளில் 51-ஐ ஒட்டியும் இந்தியாவில் அதைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவும் இருக்கும். ஆனால் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அது குறையக் குறையத் தோலின் எண்ணெய்ச் சுரப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனும் குறையும். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும் என்றும் சொன்னார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் எதுவும் செய்யாமலேயே இது நடக்கிறது என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அதோடு தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் தோல் வறளும். சிறுநீர் அதிகம் போகவைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளும்கூடச் சிலருக்கு இதைச் செய்யும். உடம்பு முழுக்க திடீரென்று வறட்சியும் விடாத அரிப்பும் வந்தால் கிரீம் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். இதில் நான் சமரசமே செய்ய மாட்டேன். எனக்கு முடிவுகள் சரியாகவே வந்தன. அப்புறம்தான் பொருள்களைப் பற்றிப் பேசினோம்.

அவர் சொன்ன ஒரு விளக்கம் எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராகப் பார்ப்பது தோல் மருத்துவத்தில் பழகிய விளக்கம். பீட்டர் எலியாஸ் என்ற தோல் மருத்துவ ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. காய்ந்து தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் சுமார் பாதி செராமைடு என்ற வகைக் கொழுப்பு, கால்வாசி கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்கள். சாந்து குறைந்தால் உள்ளேயிருந்து நீர் வெளியேறும், வெளியேயிருந்து எரிச்சல் தரும் பொருள்கள் உள்ளே நுழையும். இதற்குப் பிறகு எந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தாலும் இரண்டே கேள்விகள் கேட்டேன். இது சாந்தைக் கரைக்குமா? இது சாந்தை நிரப்புமா?

கரைப்பதை நிறுத்துவதில்தான் தொடங்கினோம். "கிரீம் அப்புறம் பார்க்கலாம், முகத்தை எதால கழுவுறீங்க?" என்று கேட்டார். நான் சோப்பு என்றேன். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5 அருகே இருக்கும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). வழக்கமான சோப்புக்கட்டி காரம், அதன் பி.எச். 9 முதல் 10 வரை. எண்ணெய் நிறையச் சுரக்கும் இளம் வயதில் தோல் அதைச் சமாளித்துவிடும். சுரப்பு குறைந்த பிறகு மீண்டுவர நேரம் எடுக்கும், அதற்குள் அடுத்த முறை கழுவிவிடுகிறோம்.

ஆகவே நான் முதலில் மாற்றியது கிளென்சரை. நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ்களைத் தள்ளிவைத்தேன். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் வேண்டாம். கிரீம் போலவோ பால் போலவோ இருக்கும், நுரை குறைந்த, வாசனை சேர்க்காத கிளென்சர் ஒன்றை எடுத்தேன். உடம்புக்கு சோப்பு வேதியியல் இல்லாத, சின்டெட் என்று சொல்லப்படும் கட்டி. தேர்வு செய்ய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. முகத்தைக் கழுவி ஒற்றித் துடைத்துவிட்டு எதுவும் பூசாமல் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். இழுத்தால் அந்தக் கிளென்சர் உங்களுக்கானது இல்லை. "சுத்தமாக" உணர்கிறோமே, அந்த இறுக்கமான உணர்வே தோலின் கொழுப்பு போய்விட்டது என்பதற்கான அடையாளம். காலையில் வெறும் தண்ணீரில் மட்டும் கழுவுகிறேன். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும் விட்டேன். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளியல் முடிந்துவிடும். இந்த மாற்றம் தந்த பலனை எந்தக் கிரீமும் எனக்குத் தரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது மாய்ஸ்சரைசர். இங்கேதான் தலை சுற்றும் அளவுக்குப் பொருள்கள். ஆனால் எல்லாவற்றிலும் இருப்பவை மூன்று வகைச் சேர்மங்களின் கலவைதான். முதல் வகை நீரை இழுத்துப் பிடிக்கும்: கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், யூரியா. இரண்டாவது செதில்களுக்கு இடையே புகுந்து வழவழப்பாக்கும்: ஸ்குவாலேன், ஷியா வெண்ணெய், செராமைடு போன்றவை. மூன்றாவது மேலே மூடியாக உட்கார்ந்து நீர் ஆவியாகாமல் தடுக்கும்: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன். இளம் வயதில் முதல் வகை மட்டுமே போதுமாக இருந்திருக்கும். நாற்பதுக்கு மேல் வறண்ட சருமத்துக்கு மூன்றும் வேண்டும். என் பழைய லோஷன் ஏன் நிற்கவில்லை என்பது அதன் பின்பக்கத்தைப் படித்ததும் விளங்கியது. பெரும்பாலும் நீர், அதற்கடுத்து கொஞ்சம் கிளிசரின், மூடிபோட எதுவும் இல்லை.

பின்பக்கத்தைப் படிப்பது கடினமான வேலை இல்லை. சேர்மங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிடப்படும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். அதனால் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் பின்பக்கத்தில் கடைசி வரிசையில், பதப்படுத்தும் பொருள்களோடு சேர்ந்து கிடந்தால் அதன் அளவு சொற்பம். கிளிசரின் மேலே இருக்கிறதா என்று பார்ப்பேன். செராமைடு சிறிய அளவிலேயே வேலை செய்யும், ஆகவே அது கீழே இருந்தாலும் பரவாயில்லை. கூடவே கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் இருந்தால் இன்னும் நல்லது, சாந்தின் கலவைக்கு நெருங்கி வருகிறது. வைட்டமின் பி3-ன் ஒரு வடிவமான நியாசினமைடு இருந்தால் வரவேற்பேன். தோல் தானே செராமைடு தயாரிப்பதை அது ஊக்குவிக்கும்.

ஹயலூரோனிக் அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. நீரைப் பிடித்துவைப்பதில் கெட்டிதான். ஆனால் காற்று வறண்டிருக்கும் அறையில் அது கலந்த சீரத்தை (நீர்போன்ற மெல்லிய பூச்சு) மட்டும் போட்டுவிட்டு மேலே எதுவும் பூசாமல் விட்டால் எனக்கு முகம் முன்னைவிட இழுத்தது. ஈரமான முகத்தில் போட்டு, உடனே கிரீமால் மூடினால் நன்றாக இருந்தது. கிளிசரின் நிறைந்த நல்ல கிரீம் ஒன்று இருந்தால் இந்த சீரம் இல்லாமலும் காலம் தள்ளலாம் என்பது என் முடிவு. நான் மறுபடி வாங்கவில்லை.

மூடி என்று பார்த்தால் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை வாங்கிய பழம்பொருள். தோலிலிருந்து நீர் ஆவியாவதை 98 சதவீதம் வரைக்கும் அது குறைக்கும். பிசுபிசுப்பு பிடிக்காது என்பவர்கள் இரவில் உதடு, கண்ணோரம், குதிகால் என்று வறண்ட இடங்களில் மட்டும் மெல்லியதாகத் தொட்டு வைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். எண்ணெய்கள் போதாதா என்று அக்கா கேட்டாள். எல்லா எண்ணெயும் ஒன்றில்லை. ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக் அமிலம் அதிகம், அது தோலின் தடுப்பை, அதாவது அந்தச் செங்கல் சுவரைத் தளர்த்தும். லினோலீயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி விதை எண்ணெய் அதைவிடத் தோலுக்கு இணக்கமானது. தேங்காய் எண்ணெய் கை கால்களுக்கு நல்லதுதான், முகத்தில் சிலருக்குத் துளைகளை அடைத்துப் பருவைக் கிளப்பும்.

முன்பக்க வார்த்தைகளில் நான் பொருட்படுத்துவது ஒன்றே ஒன்று: ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ, அதாவது வாசனைப் பொருள் சேர்க்காதது. அன்சென்டட் (மணமற்றது) என்பது வேறு. மூலப்பொருளின் நெடியை மறைக்க வாசனை சேர்த்துவிட்டும் அப்படிப் போட்டிருப்பார்கள். லாவெண்டர், ஆரஞ்சு எண்ணெய் என்று இயற்கையின் பெயரில் வந்தாலும் வாசனை வாசனைதான், தடுப்பு பலவீனமான தோலை அது சீண்டும். ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற பொருளில் போடும் ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-ல் ஒரு வரையறை கொண்டுவந்தது. அந்த விதி செல்லாது என்று 1977-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே இன்றுவரை அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டெட் என்பதும் அப்படியே. யார், எத்தனை பேரிடம், என்ன சோதித்தார்கள் என்று அதிலிருந்து எதுவும் தெரியாது.

புதிதாக எதை வாங்கினாலும் நேரே முகத்துக்குப் போவதில்லை. முழங்கையின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை பூசிப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி சொல்லும் முறை. பொறுமை வேண்டும். ஆனால் முகம் முழுக்கச் சிவந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்றினேன். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது காந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவில் ஒரு கட்டத்தில் சாதாரண கிரீம்கூட எரிந்தது. மருத்துவரிடம் கேட்டபோது, தடுப்பு ரொம்பப் பழுதாகியிருந்தால் எதைப் போட்டாலும் எரியும், கிளென்சர், கிரீம், சன்ஸ்கிரீன் மூன்றைத் தவிர எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்துங்கள் என்றார். அதுபோலவே அடங்கியது.

பூசும் முறையும் தேர்வின் ஒரு பகுதிதான். நல்ல கிரீமை, உலர்ந்த தோலில், கொஞ்சமாகப் பூசிவிட்டு இது வேலை செய்யவில்லை என்று ஒதுக்கிவிடுவோம். துடைத்தும் துடைக்காமலும் ஈரமாக இருக்கும்போதே, சில நிமிடத்துக்குள் பூச வேண்டும். டியூபிலிருந்து சுட்டுவிரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அப்படி இரண்டரை அளவு தேவை. லோஷனில் நீர் அதிகம், கிரீமில் குறைவு, ஆயின்மென்டில் மிகக் குறைவு. பகலில் முகத்துக்கு கிரீம், முழங்காலுக்குக் கீழே யூரியா 10 சதவீதம் உள்ள கெட்டி கிரீம் என்று வைத்துக்கொண்டேன். கெண்டைக்கால் முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால்தான் அங்கே முதலில் வெடிக்கிறது. யூரியா அந்த அளவில் ஈரம் தரும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கத் தொடங்கும், அது குதிகாலுக்கு மட்டும். வெடிப்பு திறந்திருந்தால் எரியும், ஆறும்வரை வெறும் ஜெல்லி போதும்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 சரியாகப் பூசினால், தோலைச் சிவக்கவைக்கும் யு.வி.பி. புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் சின்னது. யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டையும் தடுக்கும் பிராட் ஸ்பெக்ட்ரம் என்று இருக்க வேண்டும், ஏனென்றால் கொலாஜனைக் குலைக்கும் யு.வி.ஏ. கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். ஜெல் வகைகளில் ஆல்கஹால் மேலே இருந்தால் வறட்டும். கிரீம் வகையே எடுத்தேன்.

சுருக்கங்களுக்காகப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தேன். தோல் இழுக்காமல், எரியாமல் சில மாதம் ஓடிய பிறகே தொடங்கினேன். குறைந்த வீரியம், வாரத்தில் இரண்டு இரவு, முகம் முழுக்கப் பட்டாணி அளவு. அடியில் ஒரு சுற்று கிரீம், மேலே ஒரு சுற்று கிரீம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் இதைத் தொடக் கூடாது. மாதவிடாய் தாறுமாறாக வரும் வயதிலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதால் இதை நம் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன்.

என் முகம் இப்போது ரெட்டினாலை ஏற்றுக்கொள்கிறது. கழுத்து ஏற்கவில்லை, அங்கே தோல் மெல்லியது, தொட்டாலே சிவக்கிறது. ஆகவே கழுத்துக்குச் செராமைடு கிரீமும் சன்ஸ்கிரீனும் மட்டும். வீரியத்தைக் கூட்டலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.